அம்மா இறங்கிய துறைமுகம்

“ஜப்பான்காரன் ஊருக்கா? நான் வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க” என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகளும் மருமகனும், 2024 ஏப்ரலில் குடும்பத்தோடு கப்பலேறி ஜப்பானைச் சுற்றிவர ஏற்பாடு செய்திருந்தார்கள். அம்மா, நான், என் மனைவி, மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேரன் என ஆறு பேர். பதினொரு இரவுகள். சன்னல் இல்லாத உள்ளறை என்பதால் ஆளுக்கு ஐயாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல் ஆனது. விமானச் செலவு தனி. தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் கனவில்கூட நினைக்கும் காரியமல்ல. பிள்ளைகள் கட்டினார்கள், நாங்கள் போனோம்.

அம்மா மறுத்த காரணத்தைத் தோட்டப்புற வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எந்த லயத்தில் விசாரித்தாலும் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அவர் என் தாத்தா, அம்மாவின் அப்பா. 1937-இல் ரஜூலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர். 1943-இல் அம்மா நான்கு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு நாள் காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டு லாரியில் ஏற்றினார்களாம். கோலாலம்பூரிலிருந்து சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள் என்பது வரை கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மாண்டார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. நம்மவர்கள் எத்தனை பேர் என்று பெயர் எழுதி எண்ணி வைத்தவர் யாருமில்லை.

தாத்தாவுக்குக் கருமாதி நடக்கவில்லை. எப்படியும் வந்துவிடுவார் என்று பாட்டி காத்திருந்தார். 1986-இல் கண்ணை மூடும்வரை தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதியும் கொடுத்ததில்லை.

கடைசியில் அம்மாவை வழிக்குக் கொண்டு வந்தவன் பேரன்தான். “பூட்டி வரலன்னா நானும் போகல” என்று அவன் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டான். அம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: “கப்பல்ல வரேன். ஊருக்குள்ள எறங்கமாட்டேன்.”

கப்பலேறுவதற்கே ஜப்பானில்தானே இறங்கவேண்டும் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. “சிமெண்டுத் தரை கணக்குல சேராது” என்றார்!

இரவு விமானத்தில் போய்க் காலையில் நரித்தாவில் இறங்கி, பேருந்தில் யோக்கோஹாமா துறைமுகத்துக்குப் போனோம். ஓசான்பாஷி என்ற அந்தக் கப்பல் துறையின் கூரை முழுவதும் மரப்பலகைத் தளம். நடுவே புல்வெளி. ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கிழவர்கள் உட்கார்ந்து கப்பல் பார்க்கிறார்கள். அம்மா சக்கர நாற்காலியில் வந்ததால் அவர் சொன்ன கணக்கு தப்பவில்லை. மாலையில் கப்பல் பெரிய பாலத்தின் அடியில் நுழைந்தபோது, புகைக்கூண்டு பாலத்தில் இடித்துவிடுமோ என்று எல்லாரும் மேலே பார்த்தபடி நின்றோம். இடிக்கவில்லை.

எங்களுக்கு இரண்டு அறைகள். அம்மாவும் என் மனைவியும் கீழ்க் கட்டில்களில். எனக்குச் சுவரிலிருந்து இறக்கும் மேல் கட்டில். ஐம்பத்தெட்டு வயதில் ஏணி ஏறிப் படுப்பது எளிதல்ல. சன்னல் இல்லாத அறையில் பகலா இரவா என்று தெரியாது. வெளிக்காட்டு வேலைக்குப் போய்ப் பழகிய அம்மா மட்டும் காலை ஐந்து மணிக்குக் கடிகாரம் இல்லாமலே எழுந்துவிடுவார். சாப்பாட்டைப் பற்றிப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். சோறும் பருப்பும் தினமும் கிடைத்தன. சமையற்கட்டில் இந்தியர்கள் பலர் இருந்தார்கள். தமிழ்ப் பையன் ஒருவன், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மூன்றாம் நாளிலிருந்து அம்மாவுக்கு ரசம் கொண்டு வந்து கொடுத்தான். நாங்கள் எடுத்துப் போன மாங்காய் ஊறுகாயில் பாதி அவனுக்கே போயிற்று.

முதல் துறைமுகம் ஷிமிசு. ஃபுஜி மலையைக் கப்பலின் மேல்தளத்திலிருந்தே பார்க்கலாம். 3,776 மீட்டர் உயரம், தலையில் பனி. அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோச்சி. அங்கே ஞாயிறுதோறும் கோட்டையின் முன்தெருவில் ஒரு சந்தை கூடுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருவதாம். நம் ஊர்ப் பாசா மாலாமை அகலத் தெருவில் ஒரு கிலோமீட்டருக்கு நீட்டி வைத்தது போல இருந்தது. கத்தி, செடி, கிழங்கு, எலுமிச்சை இனத்தில் யூசு என்ற பழம், எல்லாவற்றையும்விட இஞ்சி. ஜப்பானில் அதிக இஞ்சி விளைவது இந்த மாநிலத்தில்தான். முதுகு கூனிய ஒரு கிழவி, தலையில் துணி கட்டிக்கொண்டு, இஞ்சிக் குவியலுக்குப் பின்னால் சிறிய முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். இஞ்சியை அவர் கழுவாமல் மண்ணோடுதான் விற்றார்.

இரவு படத்தை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இந்தப் பொம்பளைக்கும் என் வயசுதான் இருக்கும். கையப் பாரு, காட்டு வேலை செஞ்ச கை” என்றார். பிறகு அந்தப் பேச்சு இல்லை.

அடுத்த நாள் முழுவதும் கடல். பேரன் பள்ளியில் படித்ததை வைத்துப் பூட்டிக்கு அணுகுண்டுப் பாடம் நடத்தினான். நாளைக்குப் போகப்போவது நாகசாகி என்றான். அம்மா அவனை நிறுத்திக் கேட்டார்:

“குண்டு போட்ட ஊருக்கா போறோம்?”

“ஆமா பூட்டி. ரெண்டாவது குண்டு.”

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “அந்தக் குண்டு விழுந்துதான் சண்டை நின்னுச்சு, சயாமுல மிச்சமிருந்த ஆளுங்க வீடு திரும்புனாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க. விழுந்த எடத்த நான் பாக்கணும்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகளின் முகம் மாறிவிட்டது. அந்த ஊரில் போய்ப் பாட்டி ஏதாவது சொல்லிவிட்டால் என்று அவளுக்குப் பயம். எனக்கும் கொஞ்சம் இருந்தது.

நாகசாகித் துறைமுகம் மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே போகிறது. கப்பல் ஊரின் மடியிலேயே வந்து நிற்பது போல இருக்கும். இரண்டு டாக்சி பிடித்தோம். எங்கள் டாக்சிக்காரர் வெள்ளைக் கையுறை போட்ட வயதான மனிதர். கதவு தானாகத் திறந்ததில் அம்மா திடுக்கிட்டார். சக்கர நாற்காலியை அவரே மடித்து ஏற்றினார்.

1945 ஆகஸ்ட் 9, காலை மணி 11.02. குண்டு உண்மையில் கொக்குரா என்ற வேறு ஊருக்காகப் புறப்பட்டது. அங்கே இலக்குக் கண்ணுக்குத் தெரியாததால் விமானம் இங்கே திரும்பியது. தரையிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 74,000 பேர். அருங்காட்சியகத்தில் 11.02-இல் நின்றுபோன சுவர்க் கடிகாரம் இருக்கிறது. உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடிப் புட்டிகள் இருக்கின்றன. அம்மா எல்லாவற்றையும் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பா. பதினான்கு வயதுப் பெண். டப்பாவுக்குள் சோறு கரியாகி, அப்படியே இருந்தது.

“இது என்ன தம்பி, சோறா?”

“சோறுதாம்மா.”

“திங்கவே இல்லையா?”

பதினொரு மணிக்கு விழுந்த குண்டு. எப்படிச் சாப்பிட்டிருக்கும்? அம்மா பதினொரு வயதில் பால்மரக் காட்டுக்குத் தூக்குச்சட்டியோடு போனவர். விடியுமுன் கட்டிய சோற்றைப் பத்து மணிக்குத்தான் மரத்தடியில் பிரிப்பார்களாம். அதற்குமேல் எதையும் பார்க்க அவருக்கு மனமில்லை. “போதும், வெளிய போவோம்” என்றார்.

வெளியே, குண்டு வெடித்த இடத்தைக் குறிக்கும் கருங்கல் தூண் நோக்கிப் போகிற வழியில், ஓரமாக ஒரு சிறிய நினைவுக் கல் இருந்தது. நாங்கள் தாண்டியிருப்போம். பேரன்தான் அங்கிருந்த ஆங்கிலப் பலகையைப் படித்தான். கொரியாவிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டு, கப்பல் கட்டும் இடத்திலும் ஆயுதச் சாலையிலும் சுரங்கத்திலும் வேலை வாங்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் குண்டில் மாண்டார்கள். அவர்களுக்காக 1979-இல் ஜப்பானியர்களே முன்னின்று வைத்த கல் அது. அவன் மலாயும் தமிழும் கலந்து பூட்டிக்குச் சொன்னான்.

“புடிச்சிட்டு வந்த ஆளுங்களா?” என்று அம்மா கேட்டார்.

“ஆமா பூட்டி. வேலைக்கு.”

“பேரு எழுதியிருக்கா?”

இல்லை என்றேன்.

அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். தாங்கப் போன என் மனைவியைத் தள்ளி நிற்கச் சொன்னார். செருப்பைக் கழற்றினார். கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துத் தமக்கு இட்டுக்கொண்டு, கல்லின் அடியிலும் கொஞ்சம் வைத்தார். தண்ணீர்ப் புட்டியை என்னிடமிருந்து வாங்கினார். அந்த ஊரில் நினைவுக் கற்களின் முன் தண்ணீர் வைப்பது வழக்கம். வெந்த உடம்போடு தண்ணீர் கேட்டுக் கேட்டே இறந்தவர்கள் அத்தனை பேர். அது அம்மாவுக்குத் தெரியாது. நம் வழக்கப்படிதான் மூன்று முறை ஊற்றினார்.

“யாரு பெத்த பிள்ளைங்களோ. எங்கப்பாவுக்கும் சேத்து ஊத்துறேன்” என்று கல்லிடம் சொன்னார். எண்பத்தோரு வயதில் தம் தகப்பனாருக்கு அவர் செய்த முதல் காரியம் அது.

டாக்சிக்காரர் சற்றுத் தள்ளி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. திரும்பும்போது அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அம்மா இறங்கும்போது அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் குனிந்து வணங்கினார்.

மறுநாள் பூசான். ஜப்பானைச் சுற்றும் கப்பல் ஏன் கொரியாவுக்குப் போகிறது என்று கேட்பீர்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஜப்பானியத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றிச் சுற்றச் சட்டம் இடம் தராது, நடுவில் ஓர் அயல்நாட்டைத் தொட்டாக வேண்டும். எங்களுக்கு அது வேறு விதமாகப் பட்டது. நாகசாகிக் கல்லுக்குரிய மக்களின் ஊர் இது. அந்தக் காலத்தில் பலரைக் கப்பலேற்றிய துறைமுகமும் இதுதான். கட்டாய வேலைக்குப் போனவர்களுக்காக 2015-இல் இங்கே பெரிய அருங்காட்சியகமே திறந்திருக்கிறார்கள். அம்மா களைத்திருந்ததால் மீன் சந்தையோடு திரும்பிவிட்டோம். அங்கே போகாதது எனக்கு இன்னும் குறைதான்.

சாக்காய்மினாத்தோ என்ற சிறிய ஊர் பேரனுக்குச் சொர்க்கம். தெரு நெடுகப் பேய், பூதம், குட்டிச்சாத்தான் வெண்கலப் பொம்மைகள், மொத்தம் 177. மிசுகி ஷிகேரு என்ற படக்கதை ஓவியர் வளர்ந்த ஊர். அவரைப் போருக்கு இழுத்துப் போய் ரபாவுலில் இடது கையை இழந்து திரும்பினார். மிச்சமிருந்த ஒரு கையால்தான் இத்தனை பேய்களையும், போரின் கொடுமையையும் வரைந்தார். 2015-இல் இறந்தார். இதைச் சொன்னபோது அம்மா, “அவனுங்க ஆளயும் விட்டு வைக்கலையா!” என்றார். இந்த ஊரிலும் இறங்கினார். அடுத்த கானசாவாவிலும் இறங்கினார். ஜப்பானின் தங்க ரேக்கில் நூற்றுக்கு 99 பங்கு கானசாவாவில்தான் செய்கிறார்களாம். ஐஸ்கிரீம்மேல் ஒட்டித் தருகிறார்கள். “தங்கத்தத் திங்கறதா? அடகு வெச்சாலாவது ஆவும்” என்று அம்மா சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார்.

ஹாகோடாத்தே குளிர். கம்பிவட வண்டியில் மலையேறி, இரண்டு கடல்களுக்கு நடுவே இடுப்பு ஒடுங்கிய அந்த ஊரின் விளக்குகளைப் பார்த்தோம். அம்மா மூன்று சட்டைகளுக்கு மேல் என் கோட்டையும் போட்டிருந்தார்.

யோக்கோஹாமா திரும்பும் முன் கடைசிக் கடல் நாள். மேல்தளத்தில் அம்மாவோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

“எங்கப்பா கப்பல்ல வந்தாரு, ரயில்ல போனாரு” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்த ரயிலு இன்னும் ஓடுதா?” என்று கேட்டார்.

பாதையின் ஒரு பகுதியில், காஞ்சனபுரிக்கு அப்பால் நாம்தோக் வரை, இன்றும் ஓடுகிறது என்றேன். பாடாங் பெசாரில் ஏறினால், பாங்காக் போகும் ரயில் பான்போங் வழியாகத்தான் செல்கிறது. அந்தக் காலத்தில் நம் ஆட்களை இறக்கிய இடம் அது என்றும் சொன்னேன்.

“டிக்கெட்டு எவ்வளவு இருக்கும்?” என்றார் அம்மா.