மான் கணக்கு

"பெண் விலங்குகளைப் பற்றி எம்.எஸ்ஸி. படிக்கிறாள்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "மாட்டு டாக்டருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "மிருகக்காட்சி சாலையிலே வேலையா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றால் பேச்சு நின்றுவிடும். பிறகு வருகிற மௌனத்துக்கு, 'பாவம், பெற்றவர்கள்' என்று அர்த்தம்.

என் தங்கை மகள் அந்தப் படிப்பில் சேர்ந்தபோது இந்த மௌனத்தை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அனுபவித்தோம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில், ஏ.வி.சி. கல்லூரியில் சேர்ந்தாள். வனவிலங்கு உயிரியல் என்று படிப்புக்குப் பெயர். விலங்குச் சூழலியல்தான் அதற்கு முதுகெலும்பு. அவளுடைய அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வங்கிப் பரீட்சை எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. "நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க மச்சான். கதை எழுதறவர் சொன்னா கேப்பா" என்று என்னிடம் வந்தார். கதை எழுதுகிறவன் சொல்லி யாரும் கேட்டதாக எனக்கு நினைவு இல்லை. ஆனாலும் போனேன். போய், அவள் சொன்னதை நான் கேட்டுவிட்டு வந்தேன்.

'எக்காலஜி' என்ற சொல்லை 1866-ல் உண்டாக்கியவர் ஹெக்கல் என்ற ஜெர்மானியர். அதன் வேர், வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். விலங்கை அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஒரு படிப்பு. அது வாழ்கிற வீட்டிலேயே விட்டு, எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது, இங்கே ஏன் இத்தனை இருக்கிறது, அங்கே ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்பது இந்தப் படிப்பு. 1927-ல் சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேயர், தமது 27-வது வயதில், 'அனிமல் எக்காலஜி' என்று ஒரு புத்தகம் எழுதினார். உணவுச் சங்கிலி என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்தக் கருத்து வேரூன்றியது அந்தப் புத்தகத்தால்தான். ஒரு விலங்கைப் பார்த்துப் பெயரைச் சொன்னால் போதாது என்கிறார் அவர். தெருவில் பாதிரியார் போகிறார் என்றால் ஊரில் அவருக்குள்ள இடமும் சேர்ந்து மனசில் வருகிறதல்லவா, விலங்கைப் பார்க்கும்போதும் அப்படி வரவேண்டுமாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரே உற்சாகம். நாவல் எழுதுகிறவனும் இதைத்தானே செய்கிறான்! கதையில் ஒரு கணக்குப்பிள்ளை வந்தால், அவர் யாருக்குப் பயப்படுகிறார், அவருக்கு யார் பயப்படுகிறார்கள் என்று தெரியாமல் ஒரு பக்கம் நகராது. அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "வித்தியாசம் இருக்கு மாமா. உங்களுக்குத் தெரியாத இடத்திலே நீங்க கற்பனை பண்ணிடலாம். நாங்க தெரியலேன்னு எழுதணும்" என்றாள்.

தெரியாததையும் அளந்து எழுத வேண்டும் என்பது அடுத்த பாடம். குளத்தில் எத்தனை மீன்? ஐம்பது மீனைப் பிடித்து அடையாளம் போட்டுத் திரும்ப விட்டுவிடுங்கள். அவை மற்ற மீன்களோடு நன்றாகக் கலந்த பிறகு நாற்பது மீன் பிடியுங்கள். அதில் ஐந்துக்கு அடையாளம் இருந்தால், எட்டில் ஒன்று. ஆகவே குளத்தில் சுமார் நானூறு. 'சுமார்' என்று சொன்னேனே, அந்தச் சுமார் எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. முன்னூறாகவும் இருக்கலாம், அறுநூறாகவும் இருக்கலாம் என்றால் அதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். மறைக்கக்கூடாது.

இரண்டாம் வருஷம் ஆய்வுக்குக் கோடிக்கரை போனாள். வேதாரண்யத்துக்குத் தெற்கே, கரை திடீரென்று மேற்கே திரும்புகிற முனை அது. 1967-ல் சரணாலயம் ஆயிற்று. ஒரு பக்கம் பாலை மரங்கள் அடர்ந்த காடு. மறுபக்கம் புல்வெளி, அதில் வெளிமான்கள். அந்தப் புல்வெளிக்குள் சீமைக்கருவேல் புகுந்து பரவிக்கொண்டிருக்கிறது. முள் பரவிய இடத்தில் மான் குறைகிறதா? இதுதான் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி.

நான் ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தேன். விடிந்தும் விடியாமலும் புறப்பட்டு, வரைபடத்தில் போட்ட நேர்கோட்டில் நடக்கிறாள். வழி நன்றாக இருக்கிறது என்று விலகக்கூடாது. முள் இருக்கிறது என்றும் விலகக்கூடாது. மான் தென்பட்டால் எத்தனை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று குறிக்கிறாள். கோட்டின் மேலேயே நிற்கிற மான் கண்ணுக்குத் தப்பாது. தூரம் ஆக ஆகத் தப்புகிறவை அதிகமாகும். எந்தத் தூரத்தில் எத்தனை கண்டோம் என்று ஒழுங்காக எழுதி வந்தால், காணாமல் விட்டது எவ்வளவு என்று மதிப்பிடலாம். நான் போன அன்று கறுத்த இரலை ஒன்று, கொம்பை முதுகில் சாய்த்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் மெய்மறந்து நின்றேன். அவள் தூரம் அளந்துகொண்டிருந்தாள். அடுத்த கோட்டில் மருந்துக்குக்கூட ஒரு மான் இல்லை. அங்கேயும் நோட்டைத் திறந்து பூஜ்யம் என்று எழுதினாள். "இதை எழுதாம விட்டா மத்ததெல்லாம் பொய்யாயிடும்" என்றாள்.

ஆறு மாதம் நடந்தாள். முள் அடர்ந்த இடத்தில் மான் குறைவாகத்தான் கண்ணில் பட்டது. ஆனால், முள் மானை விரட்டுகிறதா, அல்லது மறைக்கிறதா? மறைத்தாலும் குறைவாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவள் கண்ட மான்களின் எண்ணிக்கை போதவில்லை. "முள்ளினாலே குறையுதுன்னு எழுதிடேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?" என்று விஷயம் தெரிந்த ஒருவரே யோசனை சொன்னாராம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அப்படிப்பட்ட முடிவுதான் எடுபடும். அவள் இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்துவிட்டு, 'இந்தத் தகவலைக்கொண்டு முடிவு சொல்ல இயலாது' என்று எழுதிக் கொடுத்தாள்.

"ரெண்டு வருஷம் படிச்சது, தெரியலேன்னு எழுதறதுக்கா?" என்று அவள் அப்பா கொதித்தார். ஆய்வேட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டவணைகளாகப் பார்த்துப் புரட்டினார். புரட்டப் புரட்ட வேகம் குறைந்தது. சங்கத்தில் முப்பது வருஷம் தணிக்கைக்குப் பதில் சொன்ன மனிதர். தலைப்புத் தெரியாத தொகையை அனாமத்தில் வைக்காமல், தெரிந்த தலைப்பில் தள்ளியவர்கள் என்ன ஆனார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"இது அனாமத்துக் கணக்கு" என்றார் கடைசியில், தமக்குத்தாமே.

பிழைப்புக்கு இது சரியான படிப்புதானா என்றால், சுலபமான வழி இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பிறகு டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார். 2024-ல் மறைந்தார். அப்படி ஒருவருக்கு வழி திறந்தது என்பதால் எல்லோருக்கும் திறந்துவிடாது. என் மருமகளுக்கு இப்போது கிடைத்திருப்பது ஒரு வருஷத் திட்டத்தில் உதவியாளர் வேலை. அடுத்த வருஷத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அதே கோடிக்கரை, அதே கோடுகள்.

புறப்படுகிற அன்று அவள் அப்பா கேட்டார்: "இன்னும் எத்தனை வருஷம் எண்ணினா தெரியும்?"

"பத்து வருஷமாவது எண்ணணும் அப்பா. நான் இல்லேன்னா வேற யாராவது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நோட்டை மழையிலே நனைய விடாதே. பின்னாலே வர்றவனுக்குப் புரியற மாதிரி எழுதி வை" என்றார்.