புதுப்பேட்டையில் ஒரு பின் கதவு

எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி, கூவம் எந்தப் பக்கம் என்று மூக்கைக் கேட்டுக்கொண்டு ஒரு கால் மணி நேரம் நடந்தால் புதுப்பேட்டை. வழி விசாரிக்க அவசியமே இல்லை. 'டங்... டங்...' என்று சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தால், வந்துவிட்டீர்கள்!

ஆதித்தனார் சாலையை விட்டு உள்ளே ஒரு சந்தில் திரும்பிப் பாருங்கள். தலைக்கு மேலே பம்பர்கள் தோரணம் கட்டித் தொங்கும். கடை வாசலில் கார்க் கதவுகள் லைப்ரரி புத்தகம் மாதிரி அடுக்கி நிற்கும். ஒரு கடையில் வெறும் ஹெட்லைட்டுகள். நூறு ஜோடிக் கண்கள் உங்களையே முறைக்கும். அடுத்த கடையில் ஸ்டியரிங் மட்டும். அதற்கடுத்த கடையில் ஸீட் மட்டும். மதியம் இரண்டு மணியானால் அந்த ஸீட்டில் முதலாளி, குறட்டையோடு.

'எழும்பூரில் தொலைந்த வண்டியைப் புதுப்பேட்டையில் போய் வாங்கிக்கலாம்' என்று சென்னையில் ரொம்ப நாளாக ஒரு ஜோக் உண்டு. இதைக் கடைக்காரர்களிடம் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். ஏலத்தில் எடுத்த வண்டி, ஆக்ஸிடென்ட்டில் நொறுங்கி இன்ஷூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டி என்று காகிதத்தோடு வருவதுதான் எங்கள் பிழைப்பு என்பார்கள். எதற்கும் நீங்கள் பில் கேட்டு வாங்குங்கள். அது பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் போனது ஒரு பழைய ஹெரால்ட் காருக்குக் கதவு தேட. கார் எனக்குச் சொந்தமில்லை. ஆபீஸ் நண்பருக்கும் சொந்தமில்லை. அவருடைய அப்பாவுக்குச் சொந்தம்.

நாலு கதவு சமாசாரம்

ஹெரால்ட் என்றால் இன்றைய இளைஞர்களுக்கு ஏதோ பேப்பர் பெயர் மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் வெளியிட்ட கார் அது. உருவம் கொடுத்தவர் ஜியோவன்னி மிச்செலோட்டி என்ற இத்தாலியர். அந்தக் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.ஸி. விலைக்கு வாங்கிவிட்டது. 'முழு பாடி செய்து தர ஆள் இல்லையா? சரி, துண்டு துண்டாகச் செய்வோம்' என்று முடிவெடுத்தார்கள். அடியில் தனியாக ஒரு சேஸிஸ். மேலே ஒவ்வொரு பாகத்தையும் வேறு வேறு இடத்தில் செய்து, கொண்டு வந்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் கவிழும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்! 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பியும் விடலாம்.

நம் ஊரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இதை 1961 முதல் 1971 வரை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்று விற்றது. 948 ஸி.ஸி. இன்ஜின். தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூர்ப் பக்கம். முதலில் வந்ததில் இரண்டே கதவுகள். பின் ஸீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் ஸீட்டை மடக்கி, அதன் பிறகு மாமியாரையும் மடக்கி உள்ளே அனுப்ப வேண்டும். நம் குடும்பங்களுக்கு ஒத்து வருமா? அதனால் மார்க் 3 மாடலில் நாலு கதவு வைத்தார்கள். நாலு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் பிறந்தது.

சிக்கலும் அங்கேதான் பிறந்தது. ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் புதுத் தகடுகள் அச்சடித்து விற்கிறார்கள். பானெட், மட்கார்டு எல்லாம் பணம் கட்டினால் பார்சலில் வரும். ஆனால் பின் கதவு? அவர்கள் ஊர் ஹெரால்டில் பின் கதவே கிடையாதே! பெருங்களத்தூரில் செய்ததுதான் உலகத்திலேயே உண்டு. அந்தத் தொழிற்சாலையும் 1988-ல் மூடியாகிவிட்டது.

கயிறு கட்டிய கதவு

பெரியவருக்கு வயது எண்பத்தொன்று. கார் 1969 மாடல். நாலு வருஷமாக ஃப்ளாட் பார்க்கிங்கில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. இடது பின் கதவின் கீழ்ப் பாதியைத் துரு தின்றுவிட்டது. மிச்சத்தைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அசோஸியேஷன் செயலாளர், 'தை பிறப்பதற்குள் வண்டியை எடுத்தாக வேண்டும்' என்று லெட்டர் கொடுத்துவிட்டார். நண்பரின் தம்பி ரொம்ப சுறுசுறுப்பு. காயலான் கடைக்காரரைக் கூட்டி வந்து எடைக்கு விலை பேசி, அட்வான்ஸ் கூட வாங்கிவிட்டார்!

பெரியவர் சண்டை போடவில்லை. "கொடுத்துடுங்கடா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அம்மா வேலை பார்த்த ஸ்கூல் வரைக்கும் இதுல போயிட்டு வந்துடறேன்" என்றார்.

அம்மா டீச்சர். இருபது வருஷம் காலையில் இந்தக் காரில்தான் கொண்டு போய் விட்டிருக்கிறார். அம்மா போய் ஆறு வருஷமாகிறது.

பெரியவருக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. பின் ஸீட்டில் குறுக்கே காலை நீட்டித்தான் உட்கார முடியும். ஆகவே, பின் கதவு திறந்தே ஆக வேண்டும். ஆர்.ஸி.க்கு இன்னும் சில மாதம்தான் உயிர். நண்பர் தம்பியிடம் பேசி, காயலான் கடைக்காரரை ஒரு மாதம் தள்ளிப் போட்டார்.

"ஃபைபரில் ஒரு கதவு செய்து மாட்டினால் என்ன?" என்று கேட்டேன். நண்பர் தலையாட்டி மறுத்தார். 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டிய வாகனத்தை 'வின்டேஜ்' என்று பதிவு செய்து, 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி அதன் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினப்படி உபயோகத்துக்கு ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் வெளியே எடுக்கலாம். 'அசல் கதவு கிடைத்தால் காரையும் வைத்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் எடைக்குத்தான்' என்று நிலைமை.

காந்தம் பொய் சொல்லாது

ஒரு சனிக்கிழமை காலை. நான், நண்பர், டிங்கர் மேஸ்திரி. மேஸ்திரியின் கையில் பழைய கதவின் ஓரம் முழுக்க வரைந்து வெட்டிய நியூஸ் பேப்பர். பாக்கெட்டில் ஒரு ஸ்பீக்கர் காந்தம். ஜோசியர் பஞ்சாங்கம் மாதிரி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முதல் கடை. "இன்னா சார், எங்க நைனா காலத்து வண்டிய கேக்கறீங்க? மாருதி எய்ட் ஹண்ட்ரட் வேணுமா, டஜன் கணக்குல தரேன்!"

இரண்டாவது கடையில் பத்மினி கதவை எடுத்து நீட்டினார்கள். "கொஞ்சம் தட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்."

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அண்ணன் சட்டை எனக்கு வரும்யா. எங்க அண்ணன் காலு எனக்கு வருமா?"

பதினோரு கடை ஏறி இறங்கினோம். புதுப்பேட்டையில் உண்மையான விசாரணை அலுவலகம் டீக்கடை என்று அப்போதுதான் தெரிந்தது. கிளாஸ் கழுவும் பையன், "ஹெரால்டா? பெரிய பாய் பரணைப் பாருங்க" என்று கையைக் காட்டினான்.

பெரிய பாய்க்கு நரைத்த தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓட்டல்ல சுவத்துல மாட்டவா, வண்டியில மாட்டவா?" என்றார். இப்போது பழைய காரை வெட்டி ரெஸ்டாரன்டில் அலங்காரம் செய்கிறார்களாம். "வண்டிக்குத்தான் பாய்" என்றதும் ஆளை மேலே ஏற்றினார். ஜீப் பானெட்டுகளுக்கு அடியிலிருந்து, தூசி மழையோடு இரண்டு கதவுகள் இறங்கின. ஒன்று வலது. ஒன்று இடது!

நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. மேஸ்திரி அவர் காலை மிதித்தார். முகம் மலர்ந்தால் விலையும் மலரும்!

பேப்பரை வைத்தார். ஓரம் ஓரத்தோடு உட்கார்ந்தது. கீல் அமரும் இடத்து ஓட்டைகளை ஆணியால் அளந்தார். பிறகு காந்தம். மேலே 'டப்'பென்று ஒட்டியது. கைப்பிடிக்குக் கீழே ஓரிடத்தில் வழுக்கியது. "இங்க பட்டி பூசியிருக்கு, அடியில தகடு இல்ல" என்றார். விரல் முட்டியால் தட்டினால் தகடு 'ணங்' என்கிறது. பட்டி 'மொத்' என்கிறது. கதவைத் தலைகீழாகத் திருப்பி அடிமடிப்பைப் பார்த்தார். மழைத் தண்ணீர் வெளியேற அங்கே சின்ன ஓட்டைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும். கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே கதை முடிந்திருக்கும்.

"கீழ நாலு இஞ்சு போச்சு. மேல சட்டம் ஜோராக்கீது. எடுத்துக்கலாம்" என்று காதில் சொன்னார்.

பாய் சொன்ன விலை ஆறாயிரத்து ஐந்நூறு. மேஸ்திரி கேட்டது இரண்டாயிரம். ஒரு மணி நேரம், மூன்று டீ. நண்பர் பொறுக்க முடியாமல் அப்பா கதையைச் சொல்லிவிட்டார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விலை சரியப் போகிறது என்று நினைத்தேன். "பெரியவருக்காக ஐந்நூறு கம்மி பண்றேன். அதுக்கு மேல பண்ணினா என் பெரியவர் என்னைத் திட்டுவார்" என்று சுவரில் இருந்த தன் அப்பாவின் போட்டோவைக் காட்டினார். நாலாயிரத்து எண்ணூறில் முடிந்தது. பில்லோடு!

தட்டினால் திறக்கும்

மேஸ்திரி நாலு நாள் வேலை செய்தார். அழுகிய அடிப்பாகத்தை வெட்டி, இருபது கேஜ் தகட்டை அதே வளைவில் தட்டி எடுத்து வைத்தார். கேஸ் வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடுமாம். அதனால் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று பற்ற வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்தார். பூட்டும் கீலும் பழைய கதவிலிருந்து வந்தன.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியவர் பின் ஸீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். நண்பர் ஓட்டினார். பள்ளிக்கூட கேட் பூட்டியிருந்தது. பத்து நிமிஷம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, "செகண்ட் கியரை இப்படி அரைக்காதேடா" என்றார். வீடு திரும்பினார்கள். அன்று சாயங்காலமே தம்பி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த மாதிரிக் கதவுகள் இனிமேல் எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்பதுதான் கவலை. பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வாகனங்களை 2023 ஏப்ரல் முதல், ஏலத்துக்குப் பதில், பதிவு பெற்ற உடைப்பு மையங்களுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். மீரட் நகரின் சோட்டிகஞ்ச் மார்க்கெட்டைத் திருட்டு வண்டிப் புகாரால் 2021 டிசம்பரில் போலீஸ் மூடியது. பம்பாய் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. வரத்து குறையக் குறைய, பரணில் இருப்பதுதான் கையிருப்பு.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை

* பழைய பாகத்தையே எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் பேப்பரில் வரைந்து வெட்டி எடுத்துப் போங்கள். செல்போன் போட்டோ வளைவைச் சொல்லாது.

* காந்தம் அவசியம். புதுப் பெயின்ட் அடித்த பழைய தகட்டைக் கண்டால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

* நம்பர் அடித்திருப்பது இன்ஜினிலும் சேஸிஸிலும்தான். அவற்றை வாங்கினால் பழைய வண்டியின் காகிதங்களைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெறும் கதவானாலும் பில் வாங்குங்கள்.

* டிங்கரைக் கூடவே அழைத்துப் போங்கள். அவருடைய ஒரு நாள் கூலி, உங்களுக்கு மிச்சமாகும் பணத்தில் கால்வாசி கூட இருக்காது.

கடைசியாக ஒரு சேதி. பாயின் பரணில் அந்த வலது பின் கதவு இன்னும் இருக்கிறது. தாத்தா வீட்டு ஷெட்டில் யாருக்காவது நாலு கதவு ஹெரால்ட் நின்றால், சீக்கிரம் கிளம்புங்கள். ஓட்டல்காரர்கள் முந்திக்கொள்ளப் போகிறார்கள்!