உருவம் ஒன்று, உள்ளீடு வேறு

தூத்துக்குடி நகரத்துக் கைப்பேசிக் கடையொன்றின் கண்ணாடிப் பேழைக்குள் பத்துத் திறன்பேசிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் பெயர்கள் வேறு, விலைகளும் வேறு. ஆயினும் வளைந்த முனைகளும் விளிம்புவரை விரிந்த திரையுமாக, அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலவே தோன்றுகின்றன. ‘இவற்றுள் எது நல்லது?’ என்று கேட்கும் மாணவன், தான் கேட்பது அந்நகரின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று என்பதை அறியான். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்கள் வந்திறங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒத்த தோற்றமுடைய பொருள்களின் தரத்தை அறிவது எப்படி என்னும் சிக்கலோடு அக்கடற்கரை வாழ்ந்து வந்தது. அப்பொருள் முத்து.

சிப்பியும் சல்லடையும்

கொற்கை முத்தின் புகழைச் சங்க இலக்கியம் போற்றுகிறது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூலும் குறிப்பிடுகிறது. மன்னார் வளைகுடாவின் அடியிலுள்ள ‘பார்’ எனப்படும் திட்டுகளில் வளர்ந்த சிப்பிகளை, முத்துக்குளிப்போர் மூச்சடக்கி மூழ்கி எடுத்து வந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் அரசின் பங்காகக் கிடைத்த சிப்பிகள், திறக்கப்படாமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. வெளித்தோற்றத்தில் முத்துள்ள சிப்பிக்கும் வெறுஞ்சிப்பிக்கும் வேறுபாடில்லை. அப்படியானால் வணிகர்கள் எதை நம்பி விலை கூறினர்? குளிப்புத் தொடங்குமுன் மாதிரிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றிலிருந்த முத்துகள் மதிப்பிடப்பட்டன. ஆயிரம் சிப்பி எவ்வளவு பெறும் என்று கணக்கிடப்பட்டது. கண் காண இயலாததை, முன்னர் நிகழ்ந்த சோதனை எடுத்துரைத்தது.

சிப்பியிலிருந்து வெளிவந்த முத்துகளும் எளிதில் விலை பெற்றுவிடவில்லை. வெவ்வேறு அளவுத் துளைகளையுடைய பத்துப் பித்தளைச் சல்லடைகளில் அவை சலிக்கப்பட்டன. பின்னர் வடிவும் ஒளியும் நோக்கித் தரம் பிரிக்கப்பட்டன. உருட்சியிலும் ஒளியிலும் குறையற்றது ‘ஆணி’ எனப் பெயர் பெற்றது. வடிவம் குறைந்தது ‘குறுவல்’. மிகச் சிறியது ‘தூள்’. இப்பெயர்களே அக்கால வணிகத்தின் முத்திரைகள். ‘ஆணிமுத்து’ என்று சொல்லிக் குறுவலை விற்பவர், மறு ஆண்டு அச்சந்தையில் தலைநிமிர்ந்து நிற்க இயலாது.

ஒளியால் ஒன்றுபட்ட இரு முத்துகள்

1893 ஆம் ஆண்டு ஜப்பானியரான கோக்கிச்சி மிக்கிமோட்டோ, சிப்பிக்குள் அயற்பொருளைச் செலுத்தி அரைக்கோள வடிவ முத்தை வளர்த்தெடுத்தார். அவரும் பிற ஜப்பானியரும் தொடர்ந்து முயன்றதன் பயனாக முழு உருண்டை முத்தும் கைகூடியது. கிளிஞ்சல் ஓட்டிலிருந்து கடைந்த சிறு மணியையும் மற்றொரு சிப்பியின் மென்திசுத் துண்டையும் உள்ளே வைத்தால், சிப்பி அம்மணியைச் சுற்றி முத்துப்பொருளைப் படலம் படலமாகப் படியச் செய்யும். இம்முத்துகள் 1920களில் ஐரோப்பியச் சந்தைகளை அடைந்தபோது, இயற்கை முத்து வணிகர்கள் அவற்றைப் போலி என்று சாடினர். ஆனால் அவை கண்ணாடி மணிக்குப் பூச்சுப் பூசிய போலிகள் அல்ல. ஒளிரும் மேற்படலம் உயிருள்ள சிப்பி தந்ததே. இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் வெறுங்கண்ணால் பிரித்தறிவது அரிதாயிற்று. உள்ளிருக்கும் மணியைக் காட்ட எக்ஸ் கதிர்ப் படம் தேவைப்பட்டது.

இந்த ஒப்புமையின் விளைவு எளியதன்று. அதனோடு 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, இயற்கை முத்தின் விலை சரிந்தது. பாரசீக வளைகுடாவில் முத்துக்குளித்து வாழ்ந்த எண்ணற்ற குடும்பங்கள் பிழைப்பிழந்தன. மறுபுறம், செல்வர் மட்டுமே அணிந்த முத்துமாலை நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கழுத்தையும் அணி செய்தது. ஒருவரின் இழப்பே மற்றொருவரின் பேறாயிற்று. இறுதியில் வணிக உலகம் கண்ட தீர்வு தடையன்று, பெயர். செயற்கை முறையில் வளர்த்ததை ‘வளர்ப்பு முத்து’ என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்க வேண்டும் என்னும் நெறி நிலைபெற்றது.

தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. 1973 இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள், அருகிலுள்ள வேப்பலோடையில் உருண்டை வடிவ வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டனர். இயற்கை முத்துக்குப் பெயர் பெற்ற அக்கடற்கரையே வளர்ப்பு முத்துக்கும் தாயகமாயிற்று.

நீதிமன்றம் ஏறிய வடிவம்

முத்துச் சந்தையில் எழுந்த அவ்வழக்கு, திறன்பேசிச் சந்தையில் மீண்டும் எழுந்தது. தன் கருவிகளின் தோற்றத்தைச் சாம்சங் நிறுவனம் பின்பற்றியதாக 2011 இல் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. விசாரணையின்போது நீதிபதி, இரு நிறுவனங்களின் கைக்கணினிகளையும் உயர்த்திக் காட்டி, அவற்றுள் சாம்சங்குடையது எது என்று வினவினார். அந்நிறுவனத்தின் வழக்கறிஞரே அத்தொலைவிலிருந்து உடனே அடையாளம் கூற இயலாமல் தயங்கினார். 2012 இல் நூறு கோடி டாலருக்கும் மிகுதியான இழப்பீடு வழங்க நடுவர் குழு தீர்ப்பளித்தது. அத்தொகை பின்னர்க் குறைக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2018 இல் உடன்பாட்டில் முடிந்தது. வழக்காடிய காலத்திலேயே ஆப்பிளின் கருவிகளுக்குரிய பாகங்கள் சிலவற்றைச் சாம்சங் வழங்கி வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எனினும் ஒப்புமை எல்லாம் களவாகாது. துறைமுகத்தில் அடுக்கப்பட்டுள்ள பெட்டகங்கள் பெரும்பாலும் 20 அடி அல்லது 40 அடி நீளமுடையவை. அவை ஒரே அளவில் இருப்பதாலேயே எந்நாட்டுப் பாரந்தூக்கியும் அவற்றைத் தூக்க முடிகிறது. கைக்கு அடங்கவும் கண்ணுக்கு எட்டவும் வேண்டிய திறன்பேசியும், தன் பயனாலேயே ஓரளவு ஒரே வடிவத்தை அடைகிறது. இந்தியாவின் 2000 ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம், கண்ணால் உணரப்படும் புதிய தோற்றத்துக்கு முதலில் பத்து ஆண்டும், புதுப்பித்தால் மேலும் ஐந்து ஆண்டும் பாதுகாப்பு அளிக்கிறது. இயக்கத்துக்கு மட்டுமே உரிய அமைப்பை அது வடிவமைப்பாகக் கொள்வதில்லை.

பெயரின் பொறுப்பு

உருவங்கள் ஒத்துப்போகும்போது வாங்குவோர் உள்ளம் விலையை நாடும். அல்லது பெயரை நாடும். பெயரின் வலிமைக்கும் தூத்துக்குடியே சான்று. 1906 இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் அதன் கப்பல்களும் ஐரோப்பாவிலிருந்து வாங்கப்பட்ட நீராவிக் கப்பல்களே. சென்ற வழியும் அதே கொழும்பு வழியே. போட்டியிட்ட ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தபோதும் மக்கள் பலர் சுதேசிக் கப்பலையே நாடினர். அவர்கள் கப்பலின் வடிவத்தைப் பார்க்கவில்லை. அப்பெயருக்குப் பின்னிருந்த நேர்மையையும் ஈகத்தையும் பார்த்தனர். ஆனால் உழைப்பால் பெற்ற பெயர் வேறு. விளம்பரத்தால் ஊதிய பெயர் வேறு. அவ்வேறுபாட்டை அறியாதவர், பெயருக்கு மட்டுமே விலை கொடுப்பவராகிவிடுவர்.

கண்ணாடிப் பேழையின் முன் நிற்கும் மாணவனுக்கு முத்து வணிகர் விட்டுச் சென்ற பாடம் இதுவே. ‘எது அழகு?’ என்பதோடு அவன் நின்றுவிட வேண்டியதில்லை. மின்கலம் எத்தனை காலம் உழைக்கும், மென்பொருள் எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படும், பழுதுற்றால் ஊரிலேயே சீர்செய்ய இயலுமா என்று அவன் கேட்கலாம். ஒவ்வொரு வினாவும் ஒரு சல்லடை. பத்துச் சல்லடையிலும் சலித்த பின்னரே முத்துக்கு விலை சொன்ன ஊரில், ஒரு திறன்பேசிக்கு மூன்று வினாக்கள் மிகையாகா.