மலையிலிருந்து கொஞ்சம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது என் புத்தகக் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலில் நின்றபடியே கேட்டுவிடுவார்கள்: "குரூப் ஃபோர் கைடு வந்துடுச்சாண்ணா?" வந்திருந்தால் எடுத்துக் கொடுப்பேன். கடை வாடகையும் கரண்டு பில்லும் அந்தக் கைடுகளில்தான் ஓடுகின்றன. அதை நான் குறைவாக நினைப்பதில்லை. தியாகதுருகத்திலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் வருகிற பிள்ளைகள் அந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு வீட்டையே தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். ஆனால் நான் மீதிச் சில்லறை எண்ணுகிற அந்த அரை நிமிடத்தில் அவர்கள் கண் எந்தப் பக்கம் போகிறது என்று கவனிப்பேன்.

கல்லாவுக்கு இடது பக்கம் ஓர் அலமாரி. அதில் கைடு இல்லை, நாவல் இல்லை, கவிதை இல்லை. தன் வரலாறு, ஊர் வரலாறு, காடு, பறவை, மண், பள்ளிக்கூடம், பழக்கவழக்கம் பற்றிய புத்தகங்கள். பதிப்பாளர்கள் இவற்றுக்கு 'அபுனைவு' என்று பெயர் போடுகிறார்கள். ஒருமுறை மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நெசமா நடந்ததுங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அது 'நெச அலமாரி'தான்.

அந்த அலமாரியிலிருந்து யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை ஒரு தவறிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். ப்ளஸ் டூவில் தவறிப்போன ஒரு பையனை அவன் அம்மா கூட்டி வந்தார். "மனசு விட்டுட்டான் தம்பி, தைரியம் வர்ற மாதிரி ஏதாவது குடுங்க" என்றார். வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். அப்போது அந்த வகைதான் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நான்காம் நாள் பையன் மட்டும் வந்தான். அட்டை கசங்காமல் புத்தகத்தை மேசையில் வைத்தான். "இதுல வர்றவங்க எல்லாரும் கடைசில ஜெயிச்சுடறாங்கண்ணா" என்றான். குறை சொல்கிற குரலில் இல்லை. தனக்கும் அந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்கிற குரல்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுத்துக் கொடுத்தேன். தடித்த புத்தகம். பையன் பயந்தான். முதலிலிருந்து படிக்க வேண்டாம், அப்பாவும் பிள்ளையும் ஊர் ஊராகப் போகிற பகுதியை மட்டும் படி என்றேன். பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஒரு வாத்தியார் வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் அரியலூர், குன்னம் என்று மாறி மாறிக் குடியிருந்த கதை அது. அரியலூர் நமக்குத் தூரத்து ஊர் இல்லை. அந்த வறுமையும் நமக்குத் தெரியாததில்லை. ஆனந்த விகடனில் 1940இல் தொடராக வரத் தொடங்கி, 1942இல் ஐயர் காலமானதால் பாதியில் நின்றுபோன வரலாறு. 87 வயதுவரை வாழ்ந்தவரின் கதை, அவருடைய நாற்பதுகளிலேயே நின்றுவிடுகிறது. ஜெயித்த இடத்தில் முடியாத புத்தகம் என்பதாலேயே அதை அவனுக்குக் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அடுத்த அக்டோபரில் வந்து, "இதே மாதிரி வேற?" என்று கேட்டான்.

புத்தகம் விற்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்த நூலில் நெருக்கமான இடம் வேறு. 1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த ஐயருக்கு வயது 25. ஊருக்குப் புதிதாக முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று மளமளவென்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இதற்கெல்லாம் முந்தைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். ஐயர் பார்த்ததுகூட இல்லை. பின்னால் ஒரு கையெழுத்துப் பிரதியையும் முதலியாரே தேடிக் கொடுக்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சில் வருகிறது. அதற்குப் பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை.

பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர், கோர்ட்டு வேலை பார்க்கிறவர், ஒரு தமிழ் வாத்தியாரிடம் 'இதைப் படித்தீர்களா?' என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. கேட்டதோடு விடாமல் பிரதியையும் கையில் கொடுத்தார் பாருங்கள், அந்த இரண்டாவது காரியத்தில்தான் என் தொழில் இருக்கிறது. படிக்கச் சொல்லிவிட்டு, சென்னையில் கிடைக்கும் என்று கைகாட்டினால் எங்கள் ஊரில் பாதிப் புத்தகம் படிக்கப்படாமலே போய்விடும். பார்சல் செலவு எவ்வளவு ஆனாலும், கழிவு எவ்வளவு குறைவாகக் கிடைத்தாலும், 'என் சரித்திரம்' இரண்டு பிரதிக்குக் குறையாமல் கடையில் இருக்கும்.

அதற்கு அடுத்து நான் எடுத்து நீட்டுவது தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. 1997இல் வந்தது, ஒல்லியான புத்தகம். படிக்கிற பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு அதைத்தான் கொடுப்பேன். உரல், உலக்கை, எண்ணெய், தேங்காய், கறுப்பு நிறம் என்று எல்லாம் வீட்டுக்குள் கிடக்கிற விஷயம். எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்குப் பல்லாங்குழிக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். எல்லாக் குழியிலும் சமமாகக் காய் போட்டுத் தொடங்குகிற ஆட்டம், ஒருத்தியிடம் எல்லாம் சேர்ந்து இன்னொருத்தி வெறுங்கையோடு நிற்பதில் முடிகிறது. தனிச்சொத்து எப்படிப் பிறந்தது என்பதன் நிழலை அதில் பார்க்கிறார் தொ.ப. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இத்தனை வருஷம் ஆடியிருக்கேன், எனக்கு இது தோணலையே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தோணியிருக்கும் தம்பி. சொல்லத் தெரியல" என்றார். நல்ல நெசப் புத்தகம் எது என்று என்னைக் கேட்டால், அந்தத் திருத்தத்தை அந்த அக்காவைச் சொல்ல வைத்த புத்தகம் என்பேன்.

ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யும் நம்மாழ்வாரின் 'உழவுக்கும் உண்டு வரலாறு'ம் விவசாயிகள் தாங்களே கேட்டு வாங்குவது. நான் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. கரும்பு போட்டு அலுத்தவர்களும் மரவள்ளி விலையில் அடிபட்டவர்களும் வாங்குகிறார்கள். வாங்கிப் போனவர்களில் பலர் நாலு பக்கத்தில் சண்டைக்கு வந்துவிடுவார்கள்: "ஏருழாம எப்படிங்க?" அந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும். கோமுகி அணைப் பக்கம் போய்வருகிற பையன்களுக்கு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. பறவையைப் பற்றி எழுதும்போது தமிழ் எவ்வளவு சுத்தமாகவும் குறும்பாகவும் நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆசிரியர்களுக்கு ஒரே புத்தகம்தான். 'டோட்டோ சான்'. டெட்சுகோ குரோயாநாகி என்ற ஜப்பானியப் பெண்மணி தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியது, 1981இல் வெளியானது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் குறைந்த விலையில் போட்டிருக்கிறது. ஓடாத ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு வந்த சிறுமி பேசப் பேச, தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு விதி உண்டு. டப்பாவில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும்.

கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் இந்தப் புத்தகத்தை வாங்கிப் போனார். இரண்டு மாதம் கழித்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். வகுப்பில் அந்தச் சாப்பாட்டுப் பகுதியைப் படித்துக் காட்டியிருக்கிறார். மலையிலிருந்து என்ன கொண்டுவருவீர்கள் என்று கேட்டதும் பிள்ளைகள் நிறுத்தவே இல்லையாம். சாமைச் சோறு, தினை, தேன், புளி, பலாக்கொட்டை, கீரையில் மட்டும் ஏழெட்டு வகை. கடுக்காயைச் சாப்பாட்டில் சேர்க்கலாமா கூடாதா என்று இரண்டு கட்சி. கடலிலிருந்து என்ன என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. அங்கே ஒரு பிள்ளைகூடக் கடலைப் பார்த்ததில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "கருவாடு, மிஸ்" என்றாளாம். சந்தையிலிருந்து அவள் அப்பா தாளில் சுற்றிக் கொண்டுவருகிற கருவாடு. "அவ சொன்னதும் எனக்கு அழுகை வந்துடுச்சு சார்" என்றார் ஆசிரியை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது.

மலையைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்கு நிற்காது. மழை விட்ட மறுநாள் கடைவீதியிலிருந்து பார்த்தால் மேற்கே நீலமாக நிற்கிறது. ஆனால் என் நெச அலமாரியில் அதற்கு ஓரிடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

2022 முதல் அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. எங்கள் ஊரில் நடந்த ஒரு திருவிழாவில் நானும் கடை போட்டிருந்தேன். மலையிலிருந்து வந்த கல்லூரிப் பையன் ஒருவன், கவிதைப் பக்கமும் போகாமல் கைடுப் பக்கமும் போகாமல் நேராக வந்து, "எங்க மலையைப் பத்தி ஏதாச்சும் இருக்காண்ணா?" என்றான். பக்தவத்சல பாரதியின் 'தமிழகப் பழங்குடிகள்' எடுத்துக் கொடுத்தேன். தர்ஸ்டனையும் எடுத்து வைத்தேன். எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த வெள்ளைக்காரர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி எழுதியவர். பின்னால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அதைத் தமிழில் கொண்டுவந்தது. போகிற ஊரெல்லாம் ஜனங்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர் தர்ஸ்டன். அந்த அளவெடுப்பை இன்று படிக்கும்போது கோபம் வருகிறது. ஆனாலும் வேறு எங்கும் எழுதப்படாத பல சங்கதிகள் அதில் கிடக்கின்றன. அதனால் விற்கிறேன், கோபத்தையும் சேர்த்துச் சொல்லித்தான் விற்கிறேன்.

பையன் நின்றபடியே 'மலையாளி' என்ற தலைப்பைத் தேடி எடுத்தான். மலையாளி என்றால் இங்கே கேரளத்துக்காரர் இல்லை, மலையில் வாழ்கிறவர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய குடி அவர்களுடையது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையேறிய கதையை அவன் விரல் வைத்துப் படித்தான். படித்து முடித்து, "எங்க தாத்தா இப்படிச் சொல்லமாட்டாருண்ணா. வேற மாதிரி சொல்வாரு" என்றான்.

"தாத்தா எப்படிச் சொல்வார்?"

சொன்னான். பின்னால் நின்றவர்கள் பில் போடக் காத்திருந்தார்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கரிராமன் கோயில், ஜாகீர்தார் காலம், அவன் பாட்டி நடந்த பாதைகள். அந்த மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்து, நாடு விடுதலை அடைந்து 29 வருடம் கழித்து 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. அந்த நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது, அவர்கள் பிள்ளைகளில் ஒருவராவது எழுதிய புத்தகம் இத்தனை வருடத்தில் என் கைக்கு வந்ததில்லை.

இது மலைக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனோம். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதுதான் நாடு முழுக்க எங்கள் ஊரின் பெயரைச் சொன்னது. அந்த வாரம் வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் வந்து எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அடுத்த வாரம் அவர்கள் போன பிறகும் இங்கே இருப்பவர்கள் எழுதுவது வேறு.

அந்தப் பையனுக்குப் புத்தகம் எதுவும் விற்கவில்லை. இரண்டு குயர் நோட்டு ஒன்றும் பேனாவும் கொடுத்தேன். தாத்தா சொன்னதை முதலில் எழுது, பிறகு பாட்டி சொன்னதை எழுது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் அப்படியே வை என்றேன்.

தை முடிந்து ஒருநாள் கடைக்கு வந்தான். நோட்டு பாதி நிரம்பியிருந்தது. ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தேன் என்றான். சாமை விதைக்கிற ஒருவகை மண்ணுக்குப் பாட்டி ஒரு பெயர் சொல்கிறார், அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சின்ன ரகரமா, பெரிய றகரமா? நான் அகராதியை எடுத்தேன். இல்லை. கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியை எடுத்தேன். அது கரிசல் காட்டுக்காக அவர் பாடுபட்டுச் சேர்த்தது, அதிலும் இல்லை. அவனைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னான். அது சின்ன ரகரமாகத்தான் என் காதில் விழுந்தது. ஆனால் என் காது கீழே இருக்கிற காது.

"பாட்டிகிட்டயே இன்னொரு தடவை கேளு. அவங்க வாயில எப்படி வருதோ அப்படியே எழுது" என்றேன்.

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. அது அவன் புத்தகத்தில் முதலில் வரட்டும்.