எக்லெக்டிக் என்றால் பொறுக்கி

'என் டேஸ்ட் ரொம்ப எக்லெக்டிக்' என்று ஒருவர் சொன்னால், இளையராஜாவும் கேட்பார், மெட்டாலிகாவும் கேட்பார் என்று புரிந்துகொள்கிறோம். 'பல்சுவை' என்று தமிழ்ப்படுத்தலாம்தான். ஆனால் அதில் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது.

கிரேக்கத்தில் 'எக்' என்றால் வெளியே. 'லெகெய்ன்' என்றால் பொறுக்குவது, சேர்ப்பது. குவியலிலிருந்து வேண்டியதை மட்டும் வெளியே எடுப்பவர் எக்லெக்டிக். லத்தீன் வழி வந்த எலெக்‌ஷனும் இதே குடும்பம்தான். ஒரு பட்டனை அழுத்தினால் மற்றவர்கள் எல்லாரும் அவுட்.

இந்தச் சொல் ரசனைக்கு வருவதற்கு முன்னால் தத்துவத்தில் இருந்தது. பிளேட்டோ ஆட்கள், ஸ்டோயிக்குகள், எபிகூரியர்கள் என்று ஆளுக்கொரு கட்சியாக இருந்த உலகத்தில், அலெக்சாண்டிரியாவின் பொட்டமோன் எல்லாரிடமிருந்தும் தனக்கு ஒத்துவந்ததை எடுத்து எக்லெக்டிக் பள்ளி ஒன்றைத் தொடங்கினார் என்று டயோஜெனிஸ் லேர்ஷியஸ் எழுதியிருக்கிறார். (கட்சியில் சேராதவருக்கும் கடைசியில் ஒரு கட்சி வேண்டியிருக்கு பாருங்க.) 1755-இல் வந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில், மரபுக்கும் அதிகாரத்துக்கும் தலையாட்டாமல் தானே யோசிக்கிற துணிச்சல்காரராக எக்லெக்டிக்கைக் கொண்டாடுகிறார் திதரோ. அடுத்த நூற்றாண்டில் ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஸெல்லருக்கு அதுவே சரக்கு தீர்ந்துபோனதன் அடையாளம்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் 'பொறுக்கி'. சிரிக்காதீங்க. 'பொறுக்கியெடுத்த முத்து' என்றால் பாராட்டு. எடுத்தவனை அந்த வினையால் கூப்பிட்டால் அடி விழும். கடையில் பொறுக்குபவனுக்கு ரசனை இருக்கிறது என்போம். தெருவில் பொறுக்குபவனுக்கு அந்த மரியாதை கிடையாது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். அடுத்த பாட்டை ஆப்பே போட்டுவிடும்போது பத்து மொழியில் கேட்பது பெரிய விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே யாரும் எதையும் விடவேண்டியதில்லை.

அப்பாவுக்கு அறுபது நிமிட கேசட்தான். ரெக்கார்டிங் சென்டரில் கொடுக்க, பழைய டைரித் தாளில் லிஸ்ட் எழுதுவார். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். டி.எம்.எஸ்., ஜிக்கி, நடுவில் ஒரு இந்திப் பாட்டு, ஒரு நாதஸ்வரம். எழுதுவார், கூட்டிப்பார்ப்பார், ஒன்றை அடிப்பார். அடித்ததை மறுபடி எழுதி, வேறொன்றை அடிப்பார். ஒரு தாள் இன்னும் என்னிடம் இருக்கு. அதில் அடித்த பாட்டுகள்தான் அதிகம். போன வாரம் அவற்றை மட்டும் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் நல்ல பாட்டு.