கயோட்டிக்கு எந்தத் தோட்டா?

‘காலிபர்’ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆனால் அமெரிக்கர்கள் அதை அங்குலத்தில் சொல்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு மில்லிமீட்டராக்கினால்தான் புரியும்.

டெக்சாஸில் மகள் வீட்டுக்கு அருகே ஒரு பண்ணைக்காரர். ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டிகள் தூக்கிப் போவதால் துப்பாக்கி வைத்திருக்கிறார். கயோட்டி நம் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது. பெரும்பாலும் 20 கிலோவுக்குள்தான். அதற்கு .223 போதும் என்றார். குண்டின் குறுக்களவு ஏறக்குறைய 5.7 மி.மீ.; 55 கிரெயின் எடை, அதாவது மூன்றரை கிராம். விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாய்கிறது. காற்றடிக்கும் வெட்டவெளியில் தூரமாகச் சுட .243 நல்லது, குண்டு கனம், காற்றில் அவ்வளவாக விலகாது. ஆனால் தோல் அதிகம் கிழியும்.

குண்டின் வகைதான் முக்கியமாம். முழு உறை போட்டது உடலைத் துளைத்துப் போய்விடும். விலங்கு ஓடி எங்கோ துடித்துச் சாகும். முனையில் குழி உள்ளது உள்ளே விரியும். சரியான இடத்தில் பட்டால் உடனே விழும். எதுவானாலும், பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடக்கூடாது.

கொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் கொல்லத்தான் வேண்டுமென்றால், துடிக்கவிடாமல் இருக்க இந்தக் கணக்கையாவது போட வேண்டும்.