இன்னொரு தடவை எழுதுவதா?

யாழ்ப்பாணத்தில் க.பொ.த. உயர்தரம் எழுதிய எவரிடமும் "எத்தனையாவது ஷை?" என்று கேட்டால் விளக்கம் தேவைப்படாது. முதல் ஷையில் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் இரண்டாம் ஷை, அதுவும் தவறினால் மூன்றாம் ஷை. திரும்ப எழுதுவதா விடுவதா என்று எந்த வீட்டிலும் கலந்து பேசியதாக நினைவில்லை. பெறுபேறு வந்த மறுகிழமையே பிள்ளை ரியூட்டரி வாங்கிலில் இருக்கும்.

அதற்குக் காரணம் இருந்தது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவபீடம் புகத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்து சேர்ந்தது. படிப்பைத் தவிர வேறு முதல் இல்லாத குடாநாட்டுக் குடும்பங்கள், மறுபடியும் எழுதுவதன்றி வேறென்ன செய்திருக்க முடியும்?

நாமும் 1983இலும் 1984இலும் எழுதினோம். மூன்றாம் ஷைக்கு நாட்டில் இருக்கவில்லை. 1985இல் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் வந்து சேர்ந்த எம்மவருள் நாமும் ஒருவரானோம். பின்னர் முகாம், வேலைத்தடை, அதன்பின் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. எழுதப்படாத அந்த மூன்றாம் ஷை இன்றும் சில இரவுகளில் கனவில் வருகின்றது. பகிடிக்குச் சொல்லவில்லை.

இப்போது அதே கேள்வி டொச் மொழியில் எமது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கின்றது. மகள் அபிற்றூர் பரீட்சையில் 1.5 பெற்றுச் சித்தியடைந்தாள். இங்கு எண் குறையக் குறையத் திறமை கூடுதல். 1.5 நல்ல பெறுபேறே. ஆயினும் மருத்துவத்திற்குப் போதாது. சித்தியடைந்த அபிற்றூரைப் புள்ளி கூட்டுவதற்காகத் திரும்ப எழுதவும் முடியாது. முன்னர் ஏழு வருடமளவில் காத்திருந்தாவது இடம் பெற்றவர்கள் இருந்தார்கள். 2017 டிசம்பர் 19இல் கார்ல்ஸ்ரூ அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்பின் அனுமதிமுறை மாறியது. 2020இலிருந்து காத்திருப்போருக்கான பங்கு நீக்கப்பட்டது. இன்று 30 வீதம் அபிற்றூர் முன்னணியாளருக்கு, 10 வீதம் அபிற்றூர் எண்ணைப் பாராத தகைமைகளுக்கு, 60 வீதம் பல்கலைக்கழகங்களின் தெரிவுக்கு. இந்தப் பின்னிரண்டிலுந்தான் 'ரி.எம்.எஸ்.' எனப்படும் மருத்துவத் தெரிவுப் பரீட்சை பெரிதும் கைகொடுக்கின்றது. 2021 வரை அதனை வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் எழுதலாம். 2022இலிருந்து இன்னொரு முறை எழுத அனுமதி உண்டு.

மகள் ஒருமுறை எழுதிவிட்டாள். பெறுபேறு நடுத்தரம்.

ஒரு நண்பர், "யோசியாதேங்கோ, புடாபெஸ்டுக்கு அனுப்புங்கோ" என்றார். அங்கு செம்மல்வைஸ் பல்கலைக்கழகத்தில் டொச் மொழியிலேயே மருத்துவம் கற்பிக்கின்றார்கள் என்பது உண்மை. கட்டணம் எமது சம்பளத்திற்கு எட்டாது என்பதும் உண்மை. துணைவியாரோ, மகளுக்குக் கிடைத்திருக்கும் தாதியர் பயிற்சி இடத்தை விடக்கூடாது என்கின்றார். மூன்று வருடப் பயிற்சி, மாதச் சம்பளம். மருத்துவ அனுமதியிலும் பல பல்கலைக்கழகங்கள் அதற்குப் புள்ளி வழங்குகின்றன. எமக்கு மட்டும், கேட்டவுடனேயே, "இன்னொருக்கால் எழுது பிள்ளை" என்று சொல்லத் தோன்றியது.

அவள் பரீட்சைப் பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கண்ணாடிப் பெட்டியொன்றுக்குள் குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அடுத்த படத்தில் அதே பெட்டியை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கின்றோம் என்று சொல்லவேண்டும். பத்தில் மூன்று எமக்குச் சரிவந்தது. உயிரியல் குறிப்புக் கொப்பியைப் பாடமாக்கி வெல்லும் பரீட்சை அல்ல இது. பழக்கத்தால் சில பகுதிகளில் வேகம் கூடும்; அதற்காக ஒரு வருடம் வீட்டில் இருக்கவேண்டியதில்லை. மே மாதமும் நவம்பர் மாதமும் பரீட்சை நடக்கின்றது. ரியூட்டரி வாங்கில் கணக்கு இங்கு பொருந்தவில்லை என்பது அன்றுதான் விளங்கியது.

பின்பு அவள் கேட்டாள்: "அப்பா, இது என்னுடைய இரண்டாம் ஷையா, உங்களுடைய மூன்றாம் ஷையா?" அந்தச் சொல்லை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. தாயாராகத்தான் இருக்கவேண்டும்.

எமது தலைமுறைக்குத் திரும்ப எழுதுவது ஒன்றே வழியாக இருந்தது. அவளுக்கு அது வழிகளுள் ஒன்று. ஆதலால் எழுது என்றோ விடு என்றோ நாம் சொல்வதில்லை என்று துணைவியாருடன் பேசி முடிவெடுத்தோம். எமக்கு இது இலகுவாக இல்லை. கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் "மகள் என்ன செய்கிறா?" என்று கேட்போருக்குத் தாதியர் பயிற்சி என்று மட்டும் சொல்லிப் பழகுகின்றோம், "பிறகு டொக்ரருக்கு..." என்று இழுப்பதில்லை.

பயிற்சி ஒக்டோபரில் ஆரம்பம். பரீட்சைக்கு அவள் இன்னும் பதிவு செய்யவில்லை. குழாய்ப் படப் புத்தகம் அவளது மேசையில்தான் கிடக்கின்றது. அவள் வெளியே போயிருக்கும் நேரங்களில் நாம் எடுத்துப் பார்ப்பதுண்டு. இப்போது பத்தில் ஐந்து சரிவருகின்றது.